முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியது

புத்தளத்தில் நான் இருபத்திரண்டு வருடம் நடத்திய அறையின் சுவரில் போன மாதம் ஒரு பலகை ஏறியது. அறை இப்போது என்னுடையது இல்லை. நான் ஓய்வு பெற்றதும் ஷிஃப்னா என்ற பிள்ளை அதை எடுத்துக்கொண்டாள். என்னைப் போலவே அவளும் உளவளத்துணையாளர். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களை உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்கிற வேலை. பலகையில் அவள் எழுதியது இவ்வளவுதான்: "ஒரு அமர்வு ஐம்பது நிமிடம். கட்டணம் மூவாயிரம் ரூபா. ஏலாதவர்கள் முதல் நாளே சொன்னால் கதைத்துத் தீர்மானிக்கலாம்."

ஊர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, நேரே என்னிடம் வந்தது. மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர், பாமசியில் ஒருவர், கடைசியில் என் சொந்த மச்சி. "நீங்க இருக்கக்கொள்ள இப்பிடியா இருந்திச்சு? இப்ப கடை மாதிரி விலை எழுதிப் போட்டிருக்கு" என்றாள். ஷிஃப்னாவுக்கும் செய்தி போயிருக்கிறது. பலகையைக் கழற்றவா என்று எனக்கு எழுதிக் கேட்டாள். கழற்ற வேண்டாம் என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டாள். அதற்கு ஒரு வரி போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் முதலில் பள்ளிக்கூட டீச்சர். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். விடை தெரிந்தும் வாயைத் திறக்காத பிள்ளைகள் அவர்கள். அவர்களைப் பேசவைக்க எனக்குத் தெரியவில்லை. அந்த இயலாமைதான் என்னைக் கொழும்புக்கு அனுப்பி இரண்டு வருடம் வார இறுதி வகுப்பில் உட்காரவைத்தது. சான்றிதழ் கிடைத்தது, அலுமாரிக்குள் போனது. வேலையை நான் படித்தது அதற்குப் பிறகு, சிலாபத்தில்.

சிலாபத்தில் பெர்னாந்து மிஸ் இருந்தார். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வெடுத்து, களப்புக்கரைப் பக்கம் தன் வீட்டின் முன்னறையில் உளவளத்துணை செய்துவந்தவர். சிங்களம் வீட்டுமொழி, தமிழும் நல்ல சரளம். என்னை 'நங்கி' என்று கூப்பிடுவார், சிங்களத்தில் தங்கச்சி. முதல் மூன்று வருடம் கிழமைக்கு ஒருநாள் ரயிலில் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து பழகினேன். பிறகு எனக்கென்று அறை எடுத்த பின்னும் மாதம் ஒருமுறை போய், நான் பார்க்கிறவர்களைப் பற்றி அவரிடம் கதைத்து ஆலோசனை கேட்பேன். அதற்கு அவர் என்னிடம் காசு வாங்குவார். ஒருமுறைகூட விட்டதில்லை. இந்த மனிசி இவ்வளவு கறாரா என்று ரயிலில் திரும்பும்போது நான் புறுபுறுத்த நாட்கள் உண்டு.

அவர் ஆளை வரவேற்கும் முறையை நான் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். இரண்டு கதிரை, ஒரே உயரம். மணிக்கூடு வருகிறவரின் முதுகுப் பக்கச் சுவரில். அவர் கண்ணில் படாது, எங்கள் கண்ணில் படும். பெயரைக் கேட்பார். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்பார். பிறகு, பெயர் கேட்ட அதே குரலில், "நீங்க சொல்றது இந்தக் கதவைத் தாண்டாது. கிழமைக்கு ஒருக்கா, ஐம்பது நிமிஷம். ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபா. ஏலுமா, ஏலாதா?" என்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். அந்த நேரம் அறையில் ஒரு மௌனம் விழும். "பரவாயில்ல, பிறகு பாப்பம்" என்று சொல்லி அதை நிரப்ப என் நாக்கு துடிக்கும். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கமாட்டார். வந்தவர் பதில் சொல்லும்வரை காத்திருப்பார். ஏலாது என்றால், எவ்வளவு ஏலும் என்று கேட்டு, அதைக் கொப்பியில் எழுதுவார். இதெல்லாம் முதல் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அழுகை தொடங்கிய பிறகு விலை சொல்லக்கூடாது என்பார்.

தேத்தண்ணி கொடுக்கமாட்டார். அதுதான் எனக்குத் தொண்டையில் சிக்கியது. எங்கள் வீடுகளில் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவருக்கும் ஒரு தேத்தண்ணி உண்டு. அழுதுவிட்டுப் போகிற மனுசிக்கு ஒரு கோப்பை கொடுத்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"தேத்தண்ணி குடுத்தா அவங்க விருந்தாளி, நங்கி. விருந்தாளி வீட்டுக்காரரைக் குறை சொல்லமாட்டாங்க. எனக்கு அவங்க குறை சொல்லவும் வேணும்" என்றார்.

இன்னொரு விதியும் இருந்தது. வெளியில் எங்கேயாவது எங்களிடம் வருகிறவரைக் கண்டால், நாங்கள் முதலில் தெரிந்ததாகக் காட்டக்கூடாது. அவராகக் கதைத்தால் கதைக்கலாம். இதைக் கேட்டதும் நான் சொன்னேன்: "எங்களுக்குள்ள கண்ட ஆளுக்கு ஸலாம் சொல்லாமப் போறது சரியில்ல மிஸ். புத்தளம் என்ன கொழும்பா? நாளைக்கு நாலு தரம் காண்ற ஆக்கள்."

"அப்ப அதையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்க. வெளியில கண்டா என்ன செய்யிறதெண்டு ரெண்டு பேரும் கதைச்சு முடிவு எடுங்க."

தலையாட்டினேன். ஸலாமில் கதைத்து முடிவெடுக்க என்ன இருக்கிறது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

புத்தளத்தில் அறை எடுத்தபோது கதிரையும் மணிக்கூடும் மிஸ் சொன்னபடி வைத்தேன். விலைதான் வாயில் வரவில்லை. எங்கள் ஊரில் ஓதிப் பார்க்கிறவர் விலை சொல்லமாட்டார். கையில் வைத்ததைப் பார்க்காமலே சட்டைப் பையில் போடுவார். வைக்காவிட்டாலும் துஆ, அதாவது பிரார்த்தனை, உண்டு. ஆறுதல் தேடி வந்தவரிடம் ஆயிரம் ரூபா என்று சொல்வது, துஆவுக்கு விலை சொன்ன மாதிரி எனக்குக் கூசியது. கடைசி நிமிடத்தில், கதவுப் பக்கம் நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு முணுமுணுப்பேன். பாதிப்பேருக்கு அது கேட்டிருக்காது.

அந்த நாட்களில்தான் பர்ஹானா வந்தாள். அது அவளுடைய பெயர் இல்லை. அவளைப் பற்றி எழுத அவளிடம் கேட்டுவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கண்டக்குழியிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாள். இருபத்தேழு வயதிருக்கும். கணவர் நிஸாம் கடலுக்குப் போகிறவர். ஒன்பதாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே மௌத்தாகிப் போயிருந்தது. இவள் மயக்கம் தெளியுமுன் ஆண்கள் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். முகம் காணவில்லை. நாலு மாதமாக நித்திரை இல்லை. வீட்டில் மாமி, நிஸாமின் உம்மா, "மூச்சு விடாத புள்ளைக்கு இவ்வளவு அழக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

"வீட்டுல தையல் வகுப்புக்குப் போறண்டு சொல்லிட்டுத்தான் வந்தன் மிஸ். இங்க வாறது தெரிஞ்சா எனக்குப் பைத்தியமெண்டு சொல்லி உம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அவள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அழுதாள். மணிக்கூட்டை நான் பார்க்கவில்லை. போகும்போது பையைத் திறந்து, "எவ்வளவு மிஸ்?" என்று கேட்டாள். நான் அவளுடைய கையைப் பிடித்து மூடினேன். "நீங்க எனக்கு மகள் மாதிரி. காசு ஒண்டும் வேணாம்" என்றேன். அன்று முழுக்க என் மனம் குளிர்ந்திருந்தது. நான் நல்ல மனுசி என்று எனக்கே தோன்றியது.

அடுத்த புதன் அவள் இரண்டு கிலோ கணவாய் மீன் கொண்டுவந்தாள். அதற்கடுத்த புதன் பாரைக் கருவாடு. பிறகு ஒருநாள் நான் வருமுன்னே வந்து, வாசலைக் கூட்டி, பக்கத்துப் பாமசி நிழலில் நிற்கிற கழுதைகள் போட்டுவைத்ததையும் அள்ளிவிட்டு, வியர்வையோடு நின்றாள். நான் செல்லமாகக் கடிந்துகொண்டேன். கருவாட்டைப் பொரித்துச் சாப்பிட்டேன், நல்ல ருசி.

ஐந்தாவது புதனிலிருந்து, "இப்ப நல்ல சுகம் மிஸ். நீங்க கதைச்சதோட நித்திரை வருது" என்று சொல்லத் தொடங்கினாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு அப்படியே இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதே சரி. பிறகு இரண்டு புதன் அவள் வரவில்லை.

அந்தக் கிழமை கல்பிட்டியில் ஒரு கலியாண வீடு. எங்கள் விருந்துகளில் ஐந்தாறு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அந்தத் தட்டை சஹன் என்போம். பெண்கள் பக்கம் இடம் தேடியபோது ஒரு சஹனில் பர்ஹானா இருந்தாள். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள், இரண்டு கிழமை வராததால் என்று நினைத்தேன். மகள் மாதிரி என்று சொல்லிவிட்டேனே. மகளிடம் ஒரு தாய் ஏன் வரவில்லை என்று கேட்கலாம்தானே. ஸலாம் சொல்லி, அவளுக்குப் பக்கத்தில் இருந்து, சோற்றில் கைவைத்தபடி, "ஏன் மகள், ரெண்டு புதன்கிழமையா இந்தப் பக்கம் வரல்ல?" என்று கேட்டேன்.

அவளுடைய கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த வயதான பெண் என்னைப் பார்த்தார். "எங்க வாற?" என்றார். அவர்தான் மாமி.

நான் வாயைத் திறக்குமுன், எதிரில் இருந்த இன்னொருத்தி உதவி செய்கிற நினைப்பில் சொன்னாள்: "இவதானே டவுண்ல மனசு சுகமில்லாத ஆக்களப் பாக்கிற மிஸ்."

மாமி கைகழுவ எழுந்தார். பர்ஹானா அவருக்குப் பின்னால் எழுந்து போனாள். அந்தச் சஹனில் பாதிச் சோறு மிஞ்சியது.

நாலு நாளில் செய்தி வந்தது. அவளை உம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். திருப்பிக் கூட்டிப்போவார்களா என்பது தெரியாது. எந்தப் பயத்தை அவள் முதல் நாளே என்னிடம் ஒப்படைத்தாளோ, அதை நானே ஒரு கலியாண வீட்டில் வைத்து நடத்திக் கொடுத்திருந்தேன். கவனமில்லாமல் நடந்த பிழை என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ரகசியம் என்று அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவில் இருந்தது. அது மற்றவர்களுக்குத்தான், தாயாகிவிட்ட எனக்கு இல்லை என்று என் மனதில் ஆகிவிட்டிருந்தது.

அடுத்த ரயிலில் சிலாபம் போனேன். கண்டக்குழிக்கு நேரே போய் மாமியின் காலைப் பிடித்தாவது விளங்கப்படுத்தப் போகிறேன் என்று மிஸ்ஸிடம் அழுதேன். அவர் முழுவதையும் கேட்டார். இடையில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவ ஏன் உங்களுக்குக் கணவாய் கொண்டு வந்தா?"

"அன்பில மிஸ்."

"நீங்க அவவுக்கு விலை சொல்லல்ல, நங்கி. அதால அவ ஒவ்வொரு கிழமையும் ஒரு விலையைத் தேடியிருக்கிறா. முதல்ல கணவாய். பிறகு கருவாடு. பிறகு கூட்டிப் பெருக்கினா. அதுவும் காணாதெண்டு, சுகமெண்டு சொல்லித் தந்தா."

எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்குக் காசுதான் பெரிசு, எங்கள் ஆட்களைப் பற்றி என்ன தெரியும் என்று குரலை உயர்த்திவிட்டேன். அவர் அசையவில்லை. நான் கத்தி முடியும்வரை கேட்டார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து, "நேரம் முடிஞ்சுது. இண்டைய காசு" என்றார். கொடுத்தேன். வாசலைத் தாண்டும்போதுதான் விளங்கியது. என்னால் அவரைத் திட்ட முடிந்தது. இத்தனை நாளாக அவர் எனக்கு இலவசமாகச் சொல்லித் தந்திருந்தால் அந்தச் சத்தம் என் வாயிலிருந்து வந்திருக்காது.

வாசலிலேயே என்னை நிறுத்தி, கண்டக்குழிக்குப் போகவே கூடாது என்றார் மிஸ். அவளுக்கு ஒரே ஒரு செய்தி எழுதலாம், அதையும் அங்கேயே எழுதவைத்தார். "நான் பிழை செய்தேன். உங்கள் புதன்கிழமை பத்து மணி உங்களுக்காக இருக்கும்." அதற்குப் பிறகு அந்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது, ஆள் வராவிட்டாலும் கதிரையில் போய் உட்கார வேண்டும் என்றார்.

உட்கார்ந்தேன். பதினொரு புதன்கிழமை. பத்து மணியிலிருந்து பத்து ஐம்பதுவரை, எதிரில் வெறும் கதிரை. தஸ்பீஹ் மணி உருட்டவும் மனம் வரவில்லை. ஒவ்வொரு புதனும் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்ற ஒரே யோசனைதான்.

பன்னிரண்டாவது புதன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நிஸாம் வெளியில் பாமசி மரவாங்கில் உட்கார்ந்துகொண்டார். பர்ஹானா உள்ளே வந்தாள். கையில் மீன் இல்லை.

"அவருக்கு எல்லாத்தையும் சொல்லிட்டன். வேற வழி இல்லாமப் போச்சுதே, நீங்க காட்டிக் குடுத்ததால. அவரும் அழுதார். அவரும் ஒளிச்சு ஒளிச்சு அழுதிருக்கார், கடலுக்குள்ள. இப்ப வீட்டுக்குத் திரும்பி வந்துட்டன்." நின்றபடியே சொன்னாள். "உங்கட விலை என்ன மிஸ்?"

"ஆயிரம் ரூபா. ஐம்பது நிமிஷம். ஏலுமா, ஏலாதா?" என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு நீளமான மௌனத்தை நான் அதற்குமுன் தாங்கியதில்லை.

"ஆயிரம் ஏலாது. நானூறு ஏலும். லொட்ஜுக்குப் படுக்கை விரிப்பு தோய்ச்சுக் குடுக்கிறன். அது என்ட காசு."

கொப்பியில் நானூறு என்று எழுதினேன். அவள் நாலு நூறு ரூபாத் தாளை மேசையில் வைத்தாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

"இப்ப நான் உங்களோட கோவமா இருக்கன்" என்றாள்.

அன்று ஐம்பது நிமிடமும் கோபப்பட்டாள். அடுத்த இரண்டு புதனும் அப்படித்தான். என் சமாதானம் எதையும் நான் நடுவில் வைக்கவில்லை. நாலாவது நாள் சொன்னாள்: "எனக்கு ஒருநாளும் நித்திரை வரல்ல மிஸ். காசு வாங்காமச் சும்மா பாக்கிற ஆளுக்கிட்ட, இன்னும் சுகமில்லண்டு எப்பிடிச் சொல்ற? நன்றி கெட்டவளாப் போயிடுவனே. அதான் வாறத நிப்பாட்டினன்."

அந்த நாளில்தான் எங்கள் வேலை தொடங்கியது. ஏழெட்டு மாதம் வந்தாள். தேத்தண்ணி கொடுக்கவில்லை. வெளியில் கண்டால் என்ன செய்வது என்று இருவரும் கதைத்தோம். நான் முதலில் ஸலாம் சொல்வதில்லை. அவள் சொன்னால் பதில் சொல்வேன். சொல்லாவிட்டால் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன் என்று தீர்மானித்தோம். முடிகிற காலத்தில் ஒருநாள், பிள்ளைக்குத் தான் வைத்திருந்த பெயரைச் சொன்னாள். வயிற்றில் இருக்கும்போதே வைத்த பெயர், கணவருக்கும் சொல்லாதது. அதை நான் இங்கே எழுதமாட்டேன். கதவைத் தாண்டாது என்று அவளிடம் சொல்லி, அதற்குக் காசும் வாங்கியிருக்கிறேன்.

பெர்னாந்து மிஸ் இப்போது இல்லை. எங்கள் கடைசிச் சந்திப்பில், வயது போய்விட்டது, இனி யாரையும் பார்க்கப்போவதில்லை என்றார். ஐம்பது நிமிடம் முடிந்ததும் வழக்கம்போலக் கையை நீட்டினார், கொடுத்தேன். பிறகு குசினிக்குள் போய் இரண்டு கோப்பை பிளேன்டீயும் சின்னத் துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார். "இனி நீங்க விருந்தாளி, நங்கி" என்றார். அந்தத் தேத்தண்ணியைக் குடிக்க எனக்கு வெகுநேரம் எடுத்தது. என் வாழ்க்கையில் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் முதலில் அவருக்குத்தான். ஒரு சதமும் விடாமல் வாங்கியதற்கும் சேர்த்து.

பலகைக் கதை ஊரில் ஓடிக்கொண்டிருந்த அதே கிழமை, புத்தளத்தில் ஒரு புடவைக் கடையில் பர்ஹானாவைக் கண்டேன். பதினெட்டு வயது மகளும் மாமியும் கூட இருந்தார்கள். நான் பழக்கப்படி பார்வையைத் துணிப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் நேரே வந்து, சத்தமாக ஸலாம் சொன்னாள். பதில் சொன்னேன். மகள், "யாரு உம்மா?" என்று கேட்டாள்.

"என்ட மிஸ். நான் காசு குடுத்து அழுத இடம் இருக்கெண்டு சொல்லுவனே, அது இவட இடம்தான்."

கடைக்காரர் அளவுகோலோடு நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உங்கள் கதையை எழுதலாமா என்று அப்போதுதான் கேட்டேன். "எழுதுங்க. என்ட பேரையும் அந்தப் பேரையும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு, மகளுக்குச் சட்டைத்துணி பார்க்க உள்ளே போனாள்.

மாமி போகவில்லை. சஹனிலிருந்து எழுந்து போன நாளுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த இடத்துல கெழவிகளையும் பாப்பாங்களா?"

"ஓம் ராத்தா. இப்ப நான் இல்ல, ஷிஃப்னா மிஸ் இருக்கா. ஐம்பது நிமிஷம். மூவாயிரம் ரூபா. ஏலாட்டி முதல் நாளே சொல்லலாம்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"ஏலும். என்ட காசு இருக்கு" என்றார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எனக்கும் ஒண்டு, நிஸாமுக்கு முந்தி..." என்று தொடங்கினார்.

அவர் கையைப் பிடித்தேன். "இங்க வேணாம் ராத்தா. அங்க போய்ச் சொல்லுங்க."

தலையாட்டினார். மருமகள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "வெளியில கண்டா அந்த மிஸ் எனக்கு ஸலாம் சொல்லுவாவா?" என்று கேட்டார்.

"நீங்க முதல்ல சொன்னா, சொல்லுவா" என்றேன்.